பாய்லருக்கு முன் குழாயைப் பாருங்கள்

எங்கள் ஊர்ப் பக்கத்தில் பாய்லர் என்றால் செம்பில் செய்தது. நடுவே கரி போடக் குழல் வைத்தது. மார்கழி விடியலில் கொல்லைப்புறத்தில் புகைந்துகொண்டு நிற்கும். கும்பகோணத்தில் பாட்டி வீட்டில் அப்படி ஒன்று இருந்தது. அதில் கெட்டுப்போக எதுவும் இல்லை. குழாய் ஒழுகினால் தண்ணீர் சொட்டும், கண்ணுக்குத் தெரியும், அடுத்த தெரு பாத்திரக்காரர் ஈயம் வைத்துக் கொடுத்துவிடுவார்.

கிழக்கு லண்டனில், ஈஸ்ட் ஹாமில், நாங்கள் 2014-இல் வாங்கிய வீட்டின் பாய்லர் சமையலறைச் சுவரில் தொங்கிய ஒரு வெள்ளைப் பெட்டி; கேஸில் எரிந்து வீட்டையும் வெந்நீரையும் சூடாக்குவது. வீடு நூறு வயதைத் தாண்டிய வரிசை வீடு. எங்களுக்கு முன்பு இருந்தவர் பின்பக்கம் நீட்டிச் சமையலறை கட்டியிருந்தார். கூடமும் முன் அறைகளும் மரத்தரை. சமையலறை மட்டும் கான்கிரீட் தரை. கேஸ் மீட்டர் வாசலுக்கருகே மாடிப்படியின் கீழ். பாய்லர் வீட்டின் கடைக்கோடியில். இடையில் கேஸ் எந்த வழியாகப் போகிறது என்று ஒன்பது ஆண்டுகளில் நாங்கள் ஒருமுறைகூட யோசித்ததில்லை. இந்தக் கட்டுரையை எழுதக் காரணமே அந்த யோசிக்காமைதான்.

2023 நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை பாய்லர் நின்றது. பழுது பார்க்க வந்தவர், இதற்கு உதிரிப் பாகமே இப்போது வருவதில்லை என்றார். சரி, புதிதாகவே மாற்றிவிடலாம் என்று முடிவு செய்தோம். பழையது, அறைகளை வெதுவெதுப்பாக்கும் ரேடியேட்டர்களைச் சூடாக்கி, மாடி அலமாரியில் இருந்த பெரிய செம்பு உருளையில் வெந்நீரைச் சேமித்து வைக்கும் வகை. புதிதாக வைக்க நினைத்தது காம்பி பாய்லர்: உருளை வேண்டாம், குழாயைத் திறந்ததும் அந்த நேரத்துக்குச் சுட வைத்துத் தரும். மாடியில் ஒரு அலமாரி மிச்சமாகும் என்பதில் எனக்கு மகிழ்ச்சி.

மூன்று பேரிடம் விலை கேட்டோம். இரண்டு பேர் பாய்லரையும் புகைபோக்கி வெளியேறும் சுவரையும் பார்த்தார்கள், ரேடியேட்டர்களை எண்ணினார்கள், போய்விட்டார்கள். மூன்றாமவர் மட்டும் மாடிப்படியின் கீழே குனிந்து மீட்டரைப் பார்த்தார். அங்கிருந்து சமையலறை வரை அடி வைத்து நடந்து அளந்தார். அவர் சொன்ன விலை மற்றவர்களைவிட ஆயிரம் பவுண்டுக்குமேல் அதிகம். ‘கேஸ் குழாய் மாற்றுவது உட்பட’ என்று எழுதியிருந்தது. நன்றாக இருக்கிற குழாயை எதற்கு மாற்ற வேண்டும், பணம் பிடுங்கப் பார்க்கிறார் என்று நானும் என் கணவரும் ஒரே குரலில் பேசிக்கொண்டோம். 2,300 பவுண்டு சொன்னவருக்கே வேலையைக் கொடுத்தோம். அந்த மூன்றாமவரைத் தவறாக நினைத்ததற்கு இன்றும் வருந்துகிறேன்.

வேலை தொடங்கிய அன்று காலை எட்டு மணிக்கு இரண்டு பேர் வந்தார்கள். ஒன்பதரைக்குள் பழைய பாய்லர் வாசலில் கிடந்தது. பதினொரு மணிக்கு மாடியிலிருந்து செம்பு உருளை இறங்கியது. மாலை நான்கு மணிக்குப் புதிய பாய்லர் சுவரில் பளபளத்தது. அதற்குப் பிறகுதான் அவர்களில் மூத்தவர் மீட்டரில் ஒரு ரப்பர்க் குழலை மாட்டிக் கசிவுச் சோதனை செய்தார். செய்தவர் மறுபடியும் செய்தார். மூன்றாவது முறையும் செய்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்: “உங்கள் குழாய் கசிகிறது. இதில் நான் கேஸைத் திறக்க முடியாது.”

மீட்டருக்கு முன்னால் இருக்கும் அவசர வால்வை மூடினார். ‘உடனடி ஆபத்து, பயன்படுத்தாதீர்கள்’ என்ற சிவப்பு அட்டையைக் கட்டினார். ஒரு படிவத்தில் என்னிடம் கையெழுத்து வாங்கினார். குழாய் மாற்ற இன்னும் 1,150 பவுண்டு ஆகும், அடுத்த வாரம்தான் நேரம் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டார். வால்வை மூடியதும் அட்டை கட்டியதும் மிகச் சரியான செயல். அதற்காக அவருக்கு நன்றி சொல்லவே வேண்டும். கசிவைப் பார்த்தும் பார்க்காததுபோல் பாய்லரை ஓடவிட்டுப் போகிறவர்களும் இருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை.

ஆனால் ஒரு கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை. “காலையில் நீங்கள் வந்தபோது இந்தக் குழாய் கசிந்ததா?”

அவருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. காலையில் யாரும் சோதிக்கவில்லை. பழைய பாய்லரைக் கழற்றும்போது குழாயைப் பிடித்து முறுக்கியதில் எங்கோ ஓர் இணைப்பு விட்டிருக்கலாம். பத்து ஆண்டுகளாகவே கசிந்துகொண்டும் இருந்திருக்கலாம். வேலை தொடங்குவதற்கு முன் ஒரு சோதனை, முடிந்த பின் ஒரு சோதனை என்பதுதான் முறை. முன்சோதனைக்கு ஆகும் நேரம் பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடம் இல்லாததால், அடுத்த இரண்டு வாரம் செலவு யார் பொறுப்பு என்று நாங்களும் அந்த நிறுவனமும் கடிதம் எழுதிக்கொண்டிருந்தோம். விலைப்பட்டியலை எடுத்துப் பார்த்தேன். இரண்டாம் பக்கத்தின் அடியில், ‘இப்போதுள்ள கேஸ் குழாய் போதுமானது, பழுதற்றது என்று கொண்டு இந்த விலை’ என்று ஒரே ஒரு வரி. அதைப் படிக்காமல்தான் கையெழுத்துப் போட்டிருந்தோம். பாய்லர் மாற்ற விலை வாங்குகிறவர்கள் முதலில் தேட வேண்டியது அந்த வரியைத்தான். அந்த வரி இருந்தால், போதுமானது என்று யார் பார்த்தது, எப்படிப் பார்த்தது என்று கேளுங்கள்.

அன்றிரவு வெளியே நான்கு டிகிரி. வீட்டில் வெப்பம் இல்லை, வெந்நீர் இல்லை, அடுப்பும் இல்லை. பழைய செம்பு உருளை இருந்திருந்தால் அதற்குள் மின்சாரத்தில் நீர் சுடவைக்கும் கம்பி இருந்தது; வெந்நீராவது கிடைத்திருக்கும். உருளை தெருவில் கிடந்தது. புதியது ஓடி வெந்நீர் வரும்வரை பழைய உருளையைக் கழற்ற விடாதீர்கள் என்று இப்போது கேட்பவர்களிடமெல்லாம் சொல்கிறேன்.

என் மாமியாருக்கு எழுபத்தாறு வயது. இரவில் பால் சூடாகக் குடித்தால்தான் அவருக்குத் தூக்கம். “பத்து நிமிடம் திறந்து மூடிவிட்டால் என்னம்மா ஆகிவிடும்? ஊரில் சிலிண்டர் குழாய் கசிந்தால் துணியைச் சுற்றிக்கொண்டு சமைத்ததில்லையா?” என்றார். “வேண்டாம் அத்தை” என்றேன். ஆபத்தானது என்று தெரிந்த கேஸ் கருவியைப் பயன்படுத்துவது இங்கே 1998-ஆம் ஆண்டின் எரிவாயுப் பாதுகாப்பு விதிகளின்படி குற்றம். ஆனால் அந்த நேரத்தில் என்னைத் தடுத்தது விதி அல்ல, எதிர்வீட்டு மூதாட்டி முன்னொரு நாள் சொன்ன விஷயம்.

அவர் பிறந்து வளர்ந்தது எங்களுக்குப் பக்கத்திலுள்ள கேனிங் டவுனில். 1968 மே 16 அன்று விடியற்காலை, அங்கே ரோனன் பாயிண்ட் என்ற 22 மாடிக் குடியிருப்பில், 18-ஆம் மாடியில் ஒரு பெண் தேநீர் போட அடுப்பைப் பற்றவைத்தார். கசிந்து நின்ற கேஸ் வெடித்தது. கட்டடத்தின் ஒரு மூலை மேலிருந்து கீழ்வரை சரிந்தது. நான்கு பேர் இறந்தார்கள். அடுப்பைப் பற்றவைத்தவர் உயிர் பிழைத்தார். விசாரணையில், அடுப்புக்குப் போன குழாயை இணைத்த பித்தளை நட் ஒன்று தரமற்றது, அங்கேதான் கசிவு என்று தெரிந்தது. அவ்வளவு பெரிய சரிவுக்குக் கட்டடம் கட்டிய முறையும் காரணம். ஆனால் தொடக்கம், கைக்குள் அடங்குகிற ஒரு நட். அன்று தூசி மூடிய தெருவில் நின்ற பள்ளிச் சிறுமிகளில் தானும் ஒருத்தி என்று அந்த மூதாட்டி சொல்லியிருந்தார். மாமியாருக்கு மின்கெட்டிலில் தண்ணீர் சுட வைத்து, அதற்குள் பால் டம்ளரை நிறுத்திச் சூடாக்கிக் கொடுத்தேன்.

அந்தச் சில நாட்களில் என்னை அதிகம் உறுத்தியது இதுதான்: கசிவு பழையது என்றால் எங்களுக்கு ஏன் வாசனை வரவில்லை? இயற்கை எரிவாயுவுக்குத் தன் வாசனை கிடையாது; கசிவு தெரியட்டும் என்று கந்தகம் கலந்த வாசனைப் பொருளை அதில் சேர்க்கிறார்கள். எங்கள் வீட்டிலோ காலையில் ஊதுபத்தி, வெள்ளிக்கிழமை சாம்பிராணி, இரண்டு வேளையும் தாளிப்பு. மாமியாருக்குக் கொரோனாவுக்குப் பிறகு மூக்கு பாதி வேலை செய்வதில்லை. போதாக்குறைக்கு, கசிவு எங்கள் காலுக்குக் கீழே இருந்தது. ஊரில் சிலிண்டரில் வருகிற வாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு தரையாகப் படியும் என்று படித்திருக்கிறோம். இங்கே குழாயில் வருவது பெரும்பாலும் மீத்தேன். காற்றைவிட லேசு, மேலே ஏறும். மரத்தரையின் அடியில் கசிந்தால் அந்த வெற்றிடத்தில் சேரும். பலகை இடுக்கு வழியாக மெல்ல மேலே வரும். தரைக்கடியில் ஈரம் தங்காமல் இருக்கவும், இப்படிச் சேர்வது வெளியேறவும், தரைமட்டத்தில் வெளிச்சுவரில் ஓட்டையுள்ள செங்கற்கள் வைத்துக் காற்றோட்டம் விட்டிருக்கிறார்கள். எங்கள் வீட்டு முன்சுவரில் அப்படி இரண்டு இருந்தன. குளிர்காற்று வருகிறது என்று 2016-இல் நாங்கள்தான் இரண்டையும் அட்டையும் நுரைப் பஞ்சும் வைத்து அடைத்தோம். காற்றில் மீத்தேன் சுமார் 5 முதல் 15 விழுக்காடு கலந்தால் தீப்பொறி பட்டதும் வெடிக்கும். இதைத் தெரிந்துகொண்ட அன்று மாலையே இருட்டில் டார்ச் அடித்துக்கொண்டு அந்த அடைப்புகளைப் பிடுங்கினேன்.

இன்னொன்றும் இங்கே சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி இருந்தது. அது கத்தவில்லையே என்று கணவர் கேட்டார். அது கத்தாது. அது கண்டுபிடிப்பது எரிவாயு சரியாக எரியாததால் உண்டாகும் நச்சை. எரியாமல் கசிகிற கேஸை அல்ல. அந்த நச்சுக்கு வாசனையே இல்லை என்பதால் கருவி கட்டாயம் வேண்டும், ஆனால் கசிவுக்குக் காவல் அது இல்லை.

நான்காவது நாள் ஒரு தோழி மூலம் வேறொரு கேஸ் பொறியாளர் கிடைத்தார். யாழ்ப்பாணத்துக்காரர், நாற்பது வயதிருக்கும். உள்ளே வந்ததும் நான் கேட்காமலே அடையாள அட்டையை எடுத்து நீட்டினார். “பின்பக்கத்தையும் பாருங்கள் அக்கா” என்றார். பிரிட்டனில் கேஸ் வேலை செய்கிற எவரும் கேஸ் சேஃப் பதிவேட்டில் இருக்க வேண்டும். 2009 ஏப்ரல் 1 முதல் இதுதான் சட்டப்படியான பதிவேடு. அதற்கு முன்பு இருந்தது கோர்கி. வயதானவர்கள் இன்னும் கோர்கிக்காரரா என்றே கேட்கிறார்கள். அட்டையின் முன்பக்கம் படமும், ஏழு இலக்க உரிம எண்ணும், எந்தத் தேதி வரை செல்லும் என்பதும் இருக்கும். பின்பக்கத்தில் அவர் எந்தெந்த வேலைக்குத் தகுதி பெற்றவர் என்று பட்டியல் இருக்கும். அடுப்புக்கு மட்டும் தகுதி பெற்றவர் பாய்லரைத் தொடக்கூடாது. எண்ணைப் பதிவேட்டின் இணையதளத்தில் போட்டுப் பார்க்க ஒரு நிமிடம் போதும். முதலில் வந்தவர்களிடம் நான் அட்டையைக் கேட்கவே இல்லை. வீட்டுக்கு வந்தவரை அப்படிக் கேட்பது மரியாதைக் குறைவு என்று ஓர் எண்ணம். “கேட்டால்தான் எங்களுக்கு மரியாதை அக்கா” என்றார் இவர்.

அவர் கொண்டுவந்த கருவி யு வடிவில் வளைந்த கண்ணாடிக் குழல், பாதிவரை தண்ணீர், பின்னால் அளவுக்கோடுகள். அதைப் படிக்கட்டின் கீழே சுவரில் சாய்த்து வைத்து, ரப்பர்க் குழலை மீட்டரின் சோதனை முனையில் மாட்டினார். என்னையும் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கச் சொன்னார். முதலில் குறைந்த அழுத்தம், 10 மில்லிபாருக்குள், ஒரு நிமிடம். மூடிய அவசர வால்வு உண்மையிலேயே மூடியிருக்கிறதா என்று பார்க்க. தண்ணீர் ஏறினால் வெளியிலிருந்து கேஸ் உள்ளே வந்துகொண்டிருக்கிறது என்று பொருள். அப்படி வந்தால் மீதிச் சோதனைக்கே அர்த்தமில்லை. ஏறவில்லை. பிறகு 20 மில்லிபார் வரை ஏற்றி, ஒரு நிமிடம் நிலைக்க விட்டு, இரண்டு நிமிடம் கணக்கு.

தண்ணீர் இறங்குவதை நான் கண்ணால் பார்த்தேன். கடிகார முள் நகர்வது தெரியாததுபோல்தான் முதலில் தெரியவில்லை. கோட்டிலிருந்து ஒரு நூல் கீழே. பிறகு அடுத்த கோடு. இரண்டு நிமிடத்தில் 20-இலிருந்து 13. வீட்டில் யாரும் பேசவில்லை. பழைய கருவிகள் இணைந்திருக்கிற வீட்டில், மீட்டரின் வகையைப் பொறுத்துச் சிறிய இறக்கத்துக்கு அனுமதி உண்டு, ஆனால் வாசனை துளியும் இருக்கக் கூடாது என்றார். கருவிகளை இணைக்காத புதுக் குழாய்க்கு இறக்கமே கூடாது. எங்கள் இறக்கம் எங்கள் மீட்டருக்கான அளவைத் தாண்டியிருந்தது.

“இது மணிக்கு இரண்டு மூன்று லிட்டர்தான் இருக்கும் அக்கா. அதனால்தான் மூக்குக்கு எட்டவில்லை” என்றார். குழாய்க்குள் அடைபட்டிருப்பது மொத்தமே சில லிட்டர் கேஸ்தான் என்பதால், சிறு கசிவுக்கே தண்ணீர் அவ்வளவு இறங்கிவிடுகிறது. சிறியது என்பதில் எனக்கு ஆறுதல் வரவில்லை. ஒரு நாளைக்கு ஐம்பது, அறுபது லிட்டர் என்று மனம் கணக்குப் போட்டது.

கசிவைத் தேடும் முறை எனக்குப் பிடித்திருந்தது. யூகம் இல்லை, பாதியாக வெட்டி, பாதியாக வெட்டிப் போவது. முதலில் அடுப்பைப் பிரித்து மூடிச் சோதித்தார், மாற்றமில்லை. கூடத்தில் இரண்டு மரப்பலகைகளைப் பெயர்த்தார். குழாயை வெட்டுவதற்கு முன், வெட்டப்போகும் இடத்தின் இருபுறமும் ஒரு தடித்த மின்கம்பியைக் கவ்வியால் மாட்டினார். வீட்டில் மின்கோளாறு ஏதாவது இருந்து அந்தக் குழாயில் மின்சாரம் ஓடிக்கொண்டிருந்தால், வெட்டும் கணத்தில் பொறி பறக்கும். கம்பி மாட்டினால் பறக்காது. அந்த ஒரு செயலைப் பார்த்ததும் இவர் கையில் வேலையை நம்பிக் கொடுக்கலாம் என்று முடிவு செய்தேன். அப்போதே இன்னொன்றையும் காட்டினார். மீட்டரிலிருந்து வெளிவரும் குழாயில், 60 சென்டிமீட்டருக்குள், பச்சையும் மஞ்சளும் கலந்த நிலத்தொடர்புக் கம்பி கவ்வியிருக்க வேண்டும். எங்கள் வீட்டில் கவ்வி மட்டும் இருந்தது, கம்பி இல்லை.

வெட்டி, இருபக்கமும் மூடி, முன்பாதியைச் சோதித்தபோது தண்ணீர் மெல்ல ஒரு மில்லிபார் இறங்கியது. முன் அறையில் எப்போதோ இருந்த கேஸ் கணப்புக்குப் போன கிளைக் குழாய் காரணம். கணப்பைக் கழற்றியவர் குழாயைத் தரைக்கடியில் அப்படியே விட்டு, முனையில் ஒரு மூடியைத் திருகிவிட்டுப் போயிருந்தார். அந்த மூடியில் சோப்பு நீர் போன்ற ஒரு திரவத்தைத் தடவினார். கஞ்சி கொதிக்கிறபோது ஓரத்தில் கிளம்புமே, அப்படிச் சின்னச் சின்னக் குமிழ்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பின. அதன்மேல்தான் எங்கள் சோபா.

பின்பாதிதான் பெரிய கசிவு. அது சமையலறைக் கான்கிரீட்டுக்குள் போயிற்று. தரை சுவரைச் சந்திக்கும் இடத்தில் ஒரு தரை டைலைப் பெயர்த்தெடுத்து, உளியால் ஒரு கை அகலம் தோண்டினார். செம்புக் குழாய் வெறும் உடம்போடு கான்கிரீட்டுக்குள் கிடந்தது. பிளாஸ்டிக் உறை இல்லை, நாடா சுற்றவில்லை. சிமெண்டோடு நேராகத் தொட்டுக்கொண்டு, அதில் ஈரமும் சேர்ந்தால் செம்பை அரிக்கும். அதனால்தான் கான்கிரீட்டில் புதைக்கிற குழாய்க்கு உறை கட்டாயம். அவர் வெட்டி எடுத்துக் கையில் வைத்த துண்டில், சிவந்த செம்பின்மேல் வெளிர்பச்சைப் பொருக்கு படர்ந்திருந்தது. பற்றவைத்த இணைப்பின் ஓரத்தில் பொருக்கு தடிப்பாக இருந்தது. பற்றவைக்கப் பூசிய பசையைத் துடைக்காமல் விட்டால் அதுவும் அங்கேயே இருந்து தின்னும் என்றார். துணியால் அழுத்தித் துடைத்தபோது ஊசிமுனை அளவு ஒரு கருப்புப் புள்ளி. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் அதன் வழியே ஒளி வந்தது.

ஆக, கசிவு பழையது. முதல் நிறுவனம் முறுக்கி உடைத்ததல்ல. அதை அவர்களுக்கும் அப்படியே எழுதினேன். உண்மையைச் சொல்லத்தானே வேண்டும். அவர்களும், முன்சோதனை செய்யாதது தவறு என்று ஒப்புக்கொண்டு விலையில் 200 பவுண்டு குறைத்தார்கள்.

கசிவே இல்லாவிட்டாலும் அந்தக் குழாய் உதவாது என்பதைப் பொறியாளர் பிறகு விளக்கினார். அது 15 மில்லிமீட்டர் குழாய். பழைய பாய்லருக்கு அது ஓரளவு தாக்குப்பிடித்தது. காம்பி பாய்லர் வெந்நீரை அந்தக் கணமே சுட வைக்க வேண்டியிருப்பதால் ஒரே மூச்சில் நிறையக் கேஸ் கேட்கும். எங்களுடையது 30 கிலோவாட். முழு வேகத்தில் மணிக்கு 3 கன மீட்டருக்குச் சற்று மேல். மீட்டரிலிருந்து பாய்லர் வரை 13 மீட்டர். ஒவ்வொரு வளைவும் குழாயை இன்னும் அரை மீட்டர் நீட்டியதற்குச் சமம். எல்லாக் கருவிகளும் ஒன்றாக எரியும்போது, மீட்டருக்கும் பாய்லருக்கும் இடையே அழுத்தம் 1 மில்லிபாருக்குமேல் குறையக் கூடாது என்பது விதி. மீட்டரில் வருவதே சுமார் 21 மில்லிபார்தான். 15 மில்லிமீட்டர் குழாயில் அவ்வளவு கேஸை இழுத்தால் அழுத்தம் வழியிலேயே தேய்ந்துவிடும். பாய்லர் திணறும், அணைந்து அணைந்து எரியும். குழாய் போதவில்லை என்று காரணம் காட்டித் தயாரிப்பாளர் உத்தரவாதத்தை மறுக்கவும் இடமுண்டு. அடி வைத்து நடந்து அளந்த அந்த மூன்றாமவர் என்ன கணக்குப் போட்டார் என்று எனக்கு அன்றுதான் புரிந்தது.

கான்கிரீட்டை உடைக்க வேண்டியதில்லை என்று இவர் சொன்னது பெரிய நிம்மதி. புதைந்த குழாயை இருமுனையும் மூடி அப்படியே கைவிட்டுவிடலாம். புதியது மீட்டரிலிருந்து கூடத்தின் மரத்தரைக்கடியில் 28 மில்லிமீட்டரில் போய், சமையலறையில் சுவரின் மேலேயே, அலமாரிகளின் பின்னால், கண்ணுக்குத் தெரியும்படி ஓடும்; அடுப்புக்குப் பிரிந்த பிறகு பாய்லர் வரை 22. சுவரைத் துளைக்கும் இடத்தில் குழாயைச் சுற்றி ஓர் உறைக்குழல். சுவரின் மேல் குழாய் ஓடுவது அழகில்லை என்று முதலில் முகம் சுளித்தேன். இப்போது தினமும் அதைப் பார்க்கிறேன். பார்க்க முடிகிறது என்பதே எனக்குப் போதும். கூலியும் பொருளும் சேர்த்து 980 பவுண்டு. ஒன்றரை நாள் வேலை.

ஒரு சிக்கல் மட்டும் மீதி இருந்தது. பாய்லரை மாட்டியவர் ஒருவர், குழாய் போட்டவர் இன்னொருவர். மற்றவர் மாட்டியதற்குத் தான் கையெழுத்துப் போட முடியாது என்று இவர் தெளிவாகச் சொல்லிவிட்டார், அது நியாயம். பாய்லருக்குக் கீழே உள்ள வால்வு வரைதான் அவர் வேலை. அதுவரை சோதித்து, புதுக் குழாயில் இறக்கம் பூஜ்யம் என்று அளவோடு எழுதிக் கொடுத்தார். முதல் நிறுவனத்தார் வந்து பாய்லரை இயக்கி, கையேட்டின் பின்பக்கத்திலுள்ள சரிபார்ப்புப் படிவத்தை நிரப்பினார்கள். எல்லாம் எரியும்போது மீட்டரில் 20.3, பாய்லரில் 19.6. அந்த இரண்டு எண்ணையும் படிவத்தில் எழுதச் சொல்லி நானே பக்கத்தில் நின்றேன். புதிய பாய்லரை 30 நாட்களுக்குள் பதிவேட்டில் தெரிவிக்க வேண்டும். தெரிவித்தால் கட்டட விதிகளுக்கு உட்பட்ட வேலை என்ற சான்றிதழ் தபாலில் வரும். வீட்டை விற்கும்போது வக்கீல் கேட்கிற தாள் அது. வராவிட்டால் சும்மா இருந்துவிடக் கூடாது, கேட்டு வாங்க வேண்டும். எங்களுக்கு மூன்றாவது வாரம் வந்தது.

வாசனையை நீங்களே உணர்ந்தால் செய்ய வேண்டியது வேறு. விளக்கு சுவிட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். அழைப்பு மணியும் வேண்டாம். சன்னல்களைத் திறந்து, கைக்கெட்டினால் அவசர வால்வை மூடி, வெளியே போய் 0800 111 999-ஐ அழையுங்கள். பிரிட்டன் முழுவதற்கும் இரவு பகல் இயங்குகிற எண். வருகிறவர் ஆபத்தை நிறுத்திவிட்டுப் போவார்; மீட்டருக்கு இந்தப் பக்கம் உள்ள குழாயைப் பழுது பார்ப்பது நம் பொறுப்பு. எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அவசர வால்வின் கைப்பிடி எப்படி இருந்தால் மூடியது என்று காட்டிக் கொடுத்திருக்கிறேன்: குழாயோடு நேராக இருந்தால் திறப்பு, குறுக்காக இருந்தால் மூடல். மாமியார் அதை இருமுறை தானே திருப்பிப் பழகினார். பத்து வயது மகளுக்கும் தெரியும்.

கூடத்துப் பலகைகளை மூடுவதற்கு முன் பொறியாளர் ஒரு டேப்பை விரித்து வைத்து, குழாயின் பக்கத்தில் கிடத்தி, அடிக்கொரு படம் எடுக்கச் சொன்னார். சுவரிலிருந்து எத்தனை சென்டிமீட்டர், எந்த உத்தரத்தின் மேல், எங்கே வளைகிறது எல்லாம் படத்தில் தெரிகிறது. பலகைகளை ஆணி அடிக்காமல் திருகாணி போட்டே மூடினோம். ஆணி குழாயில் இறங்கும் என்ற பயம் ஒன்று, பிறகு யாராவது திறக்க வேண்டியிருக்கும் என்ற நினைப்பு ஒன்று. என் கணவர் அந்தப் படங்களை வைத்துக் கட்டம் போட்ட தாளில் வீட்டின் வரைபடம் வரைந்தார். புதிய குழாய் சிவப்பு மையில், கான்கிரீட்டுக்குள் கைவிட்ட பழையது புள்ளிக்கோட்டில், முன் அறையில் வெட்டி மூடிய கிளை ஒரு சிறு குறுக்குக்கோட்டில். மீட்டர் அறைக் கதவின் உட்புறத்தில் அது ஒட்டியிருக்கிறது. நாளைக்கு இந்த வீட்டை வாங்குகிறவர் யாராக இருந்தாலும் படிக்கட்டும் என்று குறிப்புகளை ஆங்கிலத்தில் எழுதினார். மாமியாருக்காக, அவசர வால்வுக்குப் பக்கத்தில் மட்டும் ‘குறுக்கே திருப்பினால் மூடும்’ என்று தமிழில் ஒரு வரி.